வெளிப்பக்கம் மடங்கிய பின்கள்

அந்தத் தெருவில் அவனுக்குப் பெயரே டாக்டர்தான். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, செல்போன் டாக்டர். ஏழடி அகலக் கடையில் பின்பாதி அவனுடையது: ஒரு மேசை, ஒரு விளக்கு, கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி, செத்த போன்கள் நிரம்பிய மூன்று டப்பாக்கள். முன்பாதி அவனுடைய அண்ணியுடையது. கவர், சார்ஜர், கண்ணாடி ஒட்டுவது, கணக்கு முடிப்பது எல்லாம் அண்ணி. வாய்ச்சவடால் மட்டும் டாக்டருடையது.

“என் கை பட்டு ஒரு போனும் கெட்டதில்ல” என்று ஒரு நாளைக்கு நான்கு தடவையாவது சொல்லிவிடுவான். கேட்க ஆளில்லாவிட்டால் கையில் இருக்கும் போனிடமே சொல்வான். பெரிய பொய்யும் இல்லை அது. வேலை தெரிந்தவன். பொறுமைதான் மருந்துக்கும் கிடையாது. வேலை தெரிந்தவனுக்குப் பொறுமை இல்லாமல் போனால் ஒரு தொல்லை உண்டு. தொண்ணூற்றொன்பது தடவை அவசரம் பலித்துவிடும், அதையே திறமை என்று நினைத்துக்கொள்வான்.

வியாழக்கிழமை மத்தியானம் நூறாவது தடவை வந்தது.

வந்தவர் மூன்று தெரு தள்ளித் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள். அளவு நாடா கழுத்தில் தொங்கியது, தலையில் ஒரு துண்டு பச்சை நூல் ஒட்டியிருந்தது. தையலை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறார் என்பது பார்த்தாலே தெரிந்தது. கையில் பழைய போன் ஒன்று.

“தம்பி, சிக்னல் வருது, போகுது. தட்டினா வருது. புதுப் போனைப் பொண்ணு படிக்கப் போறப்ப குடுத்துவிட்டுட்டேன். இது பீரோவுல கிடந்தது. இதுக்குப் பெரிய சிம்மு, என்கிட்ட இருக்கறது சின்ன சிம்மு. அடாப்டர் போட்டுத்தான் ஓடிட்டிருந்துச்சு. திங்கட்கிழமைக்குள்ள சரியாயிடணும். அன்னிக்கு மட்டும் இது செத்துடக் கூடாது.”

“திங்கட்கிழமை என்ன விசேஷம்?” என்று கேட்டான் டாக்டர். கேட்பது தொழில் மரியாதை. பதிலைக் காதில் வாங்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

“எங்க வீட்டுக்காரர் பதினோரு மாசம் கழிச்சு...” என்று அவர் தொடங்கும்போதே அவன் பின்மூடியைக் கழற்றிவிட்டான்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. நகத்தளவு சிம் அட்டை, அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் சட்டம். அந்தச் சட்டம்தான் அடாப்டர். சட்டத்திலிருந்து அட்டை நழுவிவிடாமல் இருக்க முதுகுப் பக்கம் மெல்லிய டேப் ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் வெட்டிச் சீராக்கிய டேப். ஒட்டியவர் கவனமான ஆள் என்று டாக்டருக்கு அப்போதே தோன்றியது. வேலை தெரிந்தவன் கண்ணுக்கு வேலை தெரியாமல் போகுமா? வெயிலில் டேப்பின் பசை இளகி, அட்டை சற்று விலகி, சிம் நுழையும் ஸ்லாட்டின் தகரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் கோளாறு. ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் பசை கரையும், சட்டமும் அட்டையும் சேர்ந்து வழுக்கிக்கொண்டு வரும். துடைத்துத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது.

கடை வாசலில் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது போதும் டாக்டருக்கு.

“ரெண்டே நிமிஷம் அக்கா” என்று சொல்லி, ட்வீசரால் சட்டத்தின் ஓரத்தைக் கவ்வி இழுத்தான். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தான்.

டிக்.

சட்டம் மட்டும் கையோடு வந்தது. அட்டை உள்ளேயே நின்றுவிட்டது. வெறும் சட்டத்தின் உள்விளிம்பு, ஸ்லாட்டின் அடியில் இருக்கும் பித்தளைப் பின்களை வாரி இழுத்துக்கொண்டு வந்திருந்தது. ஆறு பின்களில் இரண்டு மடங்கிவிட்டன. ஒன்று அடியோடு பிய்ந்து சட்டத்திலேயே மாட்டிக்கொண்டிருந்தது. தலைமுடி கனம்கூட இருக்காது.

“என்ன தம்பி சத்தம்?” என்றார் தையல்காரம்மா.

அந்த ஒரு நொடியில் அவன் யோசித்தான் என்று சொன்னால் அவனுக்கு மரியாதை கொடுத்ததாக ஆகும். அவன் யோசிக்கவே இல்லை. வாய் தானாகப் பேசியது.

“உள்ள பின்னு ஏற்கெனவே உடைஞ்சிருக்குக்கா. யார் போட்டது இந்த அடாப்டரை?”

“எங்க வீட்டுக்காரர்தான்...”

“கோணலாத் தள்ளியிருக்கார். கை நடுங்கற ஆளுங்க யாராச்சும் போட்டாத்தான் இப்படி ஆகும்” என்று சொல்லிச் சிரித்தான். வாடிக்கையாளர்களிடம் எப்போதும் சொல்கிற கேலிதான். பாதிப்பேர் கூடவே சிரிப்பார்கள். “இனிமே அவரைத் தொட விடாதீங்க.”

தையல்காரம்மா சிரிக்கவில்லை. முகம் சட்டென்று சுருங்கிப்போயிற்று. கழுத்தில் இருந்த அளவு நாடாவை இழுத்துக் கையில் சுற்ற ஆரம்பித்தார், பிறகு அவிழ்த்தார், பிறகு மறுபடி சுற்றினார்.

“அப்ப அவருதானா?” என்றார்.

“ஆமாக்கா.” இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. “ஸ்லாட்டையே மாத்தணும். சனிக்கிழமை வாங்க.”

அவர் போன பிறகு, நின்ற மூன்று பேரையும் அனுப்பிய பிறகு, அண்ணி திரும்பாமலே பேசினாள். கண்ணாடி அட்டைகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அந்த டிக் சத்தம் எனக்கும் கேட்டுச்சு, தம்பி.”

“என்ன டிக்?”

“சரி விடு, எனக்குக் காது கேக்கல. அவர் வீட்டுக்காரர் யாருன்னாவது தெரியுமா?”

தெரியாது. அண்ணி சொன்னாள். தராசு செய்யும் பட்டறையில் அவர் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். நகைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் போகிற சின்னத் தராசுகளைச் சரிபார்த்து அரசு முத்திரைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. போன வருடம் ஒரு காலையில் பல் துலக்கும்போது வலது கை விழுந்துவிட்டது. பேச்சு திரும்பியது, நடை திரும்பியது, கையும் வந்தது, நடுக்கம் மட்டும் போகவில்லை. பதினோரு மாதம் வீட்டில் பழகிப் பழகி, இப்போதுதான் திங்கட்கிழமை வந்து பார் என்று பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள்.

“அந்த அடாப்டரை அவரே வெட்டி, டேப் ஒட்டி, போன்ல போட்டாராம். போன மாசம் அந்தம்மா இங்க வந்து ரீசார்ஜ் பண்றப்ப அதைத்தான் வாய் ஓயாமச் சொன்னாங்க. நகத்தளவு சாமான், ஒரே தடவையில போட்டுட்டாரு, இனிமே பயமில்லன்னு. அன்னிக்கு நீதான் காதுல பாட்டு மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தே.”

கை நடுங்கற ஆளுங்க. அந்த வார்த்தை திரும்பி வந்து அவன் காதிலேயே ஏறி உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்க ஸ்லாட் வேலையை நன்றாகச் செய்தான். குற்ற உணர்ச்சி வந்தவன் வேலை எப்போதுமே பிரமாதமாக இருக்கும். டப்பாவைக் கவிழ்த்து, அதே மாதிரிச் செத்த போன் ஒன்றைத் தேடிப் பிடித்தான். போர்டுக்குச் சூடான காற்றைப் பதமாகக் காட்டி, அதன் ஸ்லாட்டைக் கழற்றினான். உடைந்ததை எடுத்துவிட்டு, நல்லதை வைத்து, ஆறு கால்களுக்கும் ஈயம் வைத்தான். பூதக்கண்ணாடியில் மூன்று தடவை பார்த்தான். புது அடாப்டரில் சிம்மைப் பொருத்திப் போட்டான். உடைந்த ஸ்லாட்டையும், அந்தச் சட்டத்தையும், சட்டத்தில் மாட்டியிருந்த பின்னையும் குப்பையில் போடப் போனவன் போடவில்லை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இழுப்பறையில் வைத்தான். ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

மனதுக்குள் வக்கீல் வேலையும் நடந்தது. ஒரு ஸ்லாட்டுக்காக யாரும் வேலைக்குப் போகாமல் இருக்கப் போவதில்லை. அந்தம்மா இதை வீட்டில் சொல்லியிருக்கவே மாட்டார். சொன்னாலும் இரண்டு நாளில் மறந்துவிடும். இப்படிப் பூசி மெழுகிக்கொண்டே சனிக்கிழமைக்கு வந்து சேர்ந்தான்.

சனிக்கிழமை தையல்காரம்மா வந்தார். இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது.

“ஆயிடுச்சுக்கா. புதுசு மாதிரி இருக்கும். கூலி எல்லாம் ஒண்ணும் வேணாம்.”

“ஏன் தம்பி, இவ்வளவு வேலை பண்ணிட்டு?” அவர் கண் கலங்கியது. “நல்ல மனசு உங்களுக்கு.”

உதைத்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

“திங்கட்கிழமை சார் வேலைக்குப் போறாரா?” என்று கேட்டான். இந்தத் தடவை பதிலுக்காகவே கேட்டான்.

“போகலையாம். மேனேஜருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாரு. ஒரு சிம்மைச் சொருகறப்பவே உடைச்சவன் தராசு முள்ளைத் தொட்டா என்ன ஆகும்னு கேக்கறாரு. நான் என்னத்தைச் சொல்ல?”

இப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தது. வாசலில் இரண்டு பேர் நின்றார்கள், ஒருவன் தெரிந்தவன். திறந்த வாயால், “போய்ட்டு வாங்கக்கா” என்று சொன்னான். ஒரு நாளைக்கு நான்கு தடவை தன் கையைப் பற்றிப் பெருமை அடிக்கிற வாய்க்கு ஒரு தடவை உண்மை சொல்ல வரவில்லை.

அவர் தெருமுனை திரும்பியதும் அண்ணி கல்லாவைப் பூட்டினாள்.

“நாளைக்குக் கடை லீவு. என்னென்ன செய்யணும்னு வேணும்னா நான் எழுதித் தரேன். எழுந்திரிக்கறது, குளிக்கறது, அவங்க வீட்டுக்குப் போறது. போகலைன்னா திங்கட்கிழமை நானே போவேன். நான் போனா உன்னை விட்டுவச்சுப் பேச மாட்டேன்.”

ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் அந்த வீட்டு மாடிப்படியில் நின்றான். இழுப்பறையிலிருந்து எடுத்த உறை சட்டைப்பையில் இருந்தது, பூதக்கண்ணாடியும். இரண்டாவது மாடி. கதவைத் திறந்தவர் தராசுக்காரரேதான். ஒல்லியான மனிதர், மழித்த முகம், வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நிற்கிற பழக்கம். உள்ளே சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

ஜன்னலோரம் ஒரு மேசை. அதில் ஒன்றும் இல்லை, நடுவில் சதுரமாக ஓர் இடம் மட்டும் தூசி படியாமல் இருந்தது. அங்கே இருந்த மரப்பெட்டி இப்போது பீரோ மேலே ஏறியிருந்தது. அவன் பார்ப்பதைப் பார்த்து அவரே சொன்னார்.

“எடைக்கல் பெட்டி. விரல் பட்டா வியர்வை ஏறி எடை மாறிடும், இடுக்கியாலதான் எடுக்கணும். தினம் காலையில எடுத்து வரிசையா வச்சுப் பழகிட்டிருந்தேன். இப்ப மேல வச்சாச்சு. போன் கடைத் தம்பிதானே, உக்காருங்க. போனுக்கு எதுவும் பாக்கி இருக்கா?”

“இல்ல சார். வந்து... அந்த ஸ்லாட்டை நீங்க உடைக்கல. நான்தான் உடைச்சேன்.”

தராசுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்தார். அன்பான சிரிப்பு, அதுதான் கொடுமை.

“அவ அனுப்பினாளா?”

“இல்ல சார், நானாத்தான்...”

“முந்தாநாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், அடாப்டர் போட்டா எல்லாருக்கும் உடையுமாம். நேத்து என் மச்சினி வந்தா, அடாப்டரே மட்டமான சரக்காம். இன்னிக்கு நீங்க. ஆறுதல் சொல்ல வரிசையில நிக்கறீங்க. நல்ல எண்ணம்தான். ஆனா பச்சைப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லாதீங்க.”

பொய்யைச் சொன்னபோது வாசலில் நின்ற மூன்று பேரில் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. உண்மையைச் சொன்னால் நம்ப ஆளில்லை. டாக்டர் வேறு வழி தெரியாமல் பையிலிருந்த உறையை எடுத்து மேசையில் கொட்டினான். உடைந்த ஸ்லாட், சட்டம், சட்டத்தில் தொங்கும் பின். பக்கத்தில் பூதக்கண்ணாடியை வைத்தான்.

“நான் சொல்றதை நம்ப வேணாம் சார். நீங்களே பாருங்க.”

தராசுக்காரர் ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை எடுத்த கை நடுங்கியது. அதை மறைக்கவில்லை, இடது கையால் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். ஸ்லாட்டைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“வாய் எந்தப் பக்கம்?”

“இது சார். இந்தப் பக்கமாத்தான் சிம் உள்ள போகும்.”

“உள்ள தள்றப்ப உடைஞ்சிருந்தா உள்பக்கமாத்தானே மடங்கணும்?”

“ஆமா சார்.”

“இது ரெண்டும் வெளிப்பக்கம் மடங்கியிருக்கு.”

“ஆமா சார்.”

அவர் சட்டத்தை எடுத்துப் பார்த்தார். உள்விளிம்பில் மாட்டியிருந்த பின்னைப் பார்த்தார். தான் வெட்டி ஒட்டிய டேப் கிழிந்து தொங்குவதையும் பார்த்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

“டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“பார்த்துட்டுமா இழுத்தீங்க?”

“ஆமா.”

“உங்க கடையில ஸ்பிரிட் இருக்கா?”

“இருக்கு சார்.”

“ஒரு சொட்டு விட்டு எவ்வளவு நேரம் சும்மா இருக்கணும்?”

“அஞ்சு நிமிஷம்.”

“அஞ்சு நிமிஷம்” என்றார் தராசுக்காரர். கண்ணாடியைக் கீழே வைத்தார். அடுத்து வந்த குரல் அந்தச் சின்ன அறைக்கு ரொம்பப் பெரியது. பட்டறையில் இருபது பேர் நடுவே எழுந்த குரலாக இருக்க வேண்டும். “ஒட்டியிருக்கறதை இழுக்கறவனெல்லாம் வேலைக்காரனாய்யா? என் கையைப் பதினோரு மாசமா நான் சந்தேகப்பட்டிருக்கேன். ராத்திரி பகல்னு இல்லாமப் பட்டிருக்கேன். அதுக்கு எனக்கு உரிமை உண்டு, என் கை. நீ யாரு? உன் தப்பைத் தூக்கி என் கையில வைக்க நீ யாரு?”

டாக்டர் எழுந்து நின்றான். எழுந்தது அவனுக்கே தெரியாது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் கோத்துவைத்த வாக்கியங்கள் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

“தப்புதான் சார்.”

“கண்ணாடியை எடுத்துக்கிட்டுப் போங்க. இது என்கிட்ட இருக்கட்டும்.” உடைந்த ஸ்லாட்டை உள்ளங்கையில் மூடிக்கொண்டார். கை அப்போதும் நடுங்கியது.

படி இறங்கிக்கொண்டிருந்தபோது பின்னால் செருப்புச் சத்தம். தையல்காரம்மா ஈரக் கையோடு வந்து நின்றார். அழவில்லை. கத்தவும் இல்லை.

“வியாழக்கிழமை சாயந்தரம் நான் அவரை என்ன சொன்னேன் தெரியுமா தம்பி?”

தெரியாது என்று அவன் தலையசைத்தான்.

“இனிமே என் சாமான் எதையும் தொடாதீங்கன்னு சொன்னேன். நீங்க சொன்ன அதே வார்த்தை. சட்டைப் பொத்தான் போட ஒரு மணி நேரம் ஆனப்பகூட நான் அவரை ஒரு சொல் சொன்னதில்ல. தட்டு கைதவறி விழுந்தப்ப சொன்னதில்ல. உங்க பேச்சைக் கேட்டுட்டுப் போய்ச் சொன்னேன். அதுக்கப்புறம்தான் அவர் பெட்டியை எடுத்து பீரோ மேல வச்சார்.” புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். “உடைஞ்ச ஸ்லாட்டுக்கு வேற ஸ்லாட் வச்சுட்டீங்க. நான் சொன்ன சொல்லுக்கு எந்த டப்பாவுல தேடுவீங்க?”

பதிலுக்குக் காத்திருக்காமல் மேலே ஏறிப் போய்விட்டார். கீழ்வீட்டுக் குழந்தை ஒன்று கதவிடுக்கில் எட்டிப் பார்த்ததும்தான் நகர்ந்தான்.

திங்கட்கிழமை கடை வழக்கமாக ஒன்பதரைக்குத்தான் திறக்கும். எட்டு மணிக்கே திறந்துவிட்டான். பஸ் நிறுத்தம் நேர் எதிரே. எட்டே காலுக்கு ஒரு பஸ் போனது, அவர் வரவில்லை. எட்டரைக்கு ஒன்று, அதிலும் இல்லை. அண்ணி வந்து ஷட்டரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், டீ வாங்கி வரப் போனாள். வராவிட்டால் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வந்துவிட்டால் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை.

ஒன்பதுக்குப் பத்து இருக்கும்போது இருவரும் தெருமுனையில் தெரிந்தார்கள். தராசுக்காரர் தேய்த்த சட்டை போட்டிருந்தார். பொத்தான்கள் மேலிருந்து கீழ்வரை ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன, காலரின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. ஊருக்கெல்லாம் சட்டை தைக்கிற அம்மாள் பக்கத்திலேயே நடந்துவந்தார், அதைச் சரிசெய்யக் கை நீட்டவில்லை. பஸ் வந்தது. தராசுக்காரர் இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார். கடைப்பக்கம் திரும்பவே இல்லை.

பஸ் போன பிறகும் தையல்காரம்மா அங்கேயே நின்றார். பிறகு சாலையைக் கடந்து கடைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் அந்தப் போன்.

“நேத்து இவரே மறுபடி பேசினதுக்கு மேனேஜர் ஒரு வாரம் பார்க்கலாம்னு சொல்லியிருக்கார். முடியலைன்னா உடனே கூப்பிடறேன்னு இவர் சொல்லிட்டுப் போறார்.” போனைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். “இது அடிக்குமா?”

என் கை பட்டு, என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டர் அதை மென்று விழுங்கினான். தன் போனை எடுத்து, வேலைச் சீட்டில் எழுதியிருந்த அவர் எண்ணைப் பார்த்து அழுத்தினான்.

தையல்காரம்மா கையில் போன் அடித்தது. நல்ல சத்தமாக, தெளிவாக அடித்தது. அவர் அதைப் பார்த்தார், கடைக்குள் நின்றவனைப் பார்த்தார். எடுக்கவில்லை, நிறுத்தவும் இல்லை. அது தானாக அடித்து ஓயும்வரை அங்கேயே நின்றுவிட்டு, தன் கடையைப் பார்த்து நடந்தார்.